மூணு ரெக்கார்டோட நின்னுபோன பாப் பாடகியோட கதைய தேடி எடுத்து எழுதறது எப்படி

எங்கயோ ஒரு பழைய பாட்டு கேக்கறோம், குரல் மனச விட்டு போகவே மாட்டேங்குது, யாருன்னு தேடினா ஒரு பேரு வருது, ரெண்டு மூணு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்ன ரெக்கார்டு), மிஞ்சிப்போனா ஒரு ஆல்பம், அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. பிளேலிஸ்ட் போடறவங்க எல்லாரும் ஒரே வரிய ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சு "அப்புறம் மர்மமா மறைஞ்சுட்டாங்க"ன்னு எழுதி முடிச்சுடறாங்க. எனக்கு இது பெரிய ஆதங்கம். 1960கள்ல இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் இப்படி வந்துட்டு போன பாப் பாடகிகள் ஏகப்பட்ட பேர் இருக்காங்க. முக்கால்வாசிப் பேர் எந்த மர்மத்துலயும் மறையல. பாடறது நின்னதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அந்தக் காரணம் நிறைய நேரம் ஏதோ ஒரு காகிதத்துல அச்சாகி அப்படியே கிடக்கு, யாரும் போய் புரட்டிப் பாக்கல, அவ்வளவுதான்.

அத எப்படி புரட்டறதுன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு நாலு பேர எடுத்துக்கறேன்: வஷ்டி பன்யன், மார்கோ குர்யன், ஈவி சாண்ட்ஸ், ராபின் வார்டு. மேலோட்டமா பாத்தா நாலு கதையும் ஒண்ணு மாதிரியே தெரியும், கிட்டப் போனா நாலும் நாலு தினுசு. நீங்க தேடப்போற பாடகி வேற யாராவும் இருக்கலாம், வழிமுறை அதேதான்.

மொதல்ல ரெக்கார்டையே படிங்க

விக்கிபீடியால ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிச்சா அங்க இருக்கற கதைதான் மண்டைல உக்காந்துக்கும், அப்புறம் கண்ணுக்கு முன்னாடி வேற ஆதாரம் வந்தாலும் அந்தக் கதைக்கு ஏத்த மாதிரியே வளைச்சு படிப்போம். மொதல்ல அந்த 7 இன்ச் சிங்கிளோட லேபிள் (நடுவுல ஒட்டியிருக்கற வட்டத் தாள்) படத்த எடுங்க. கைல ரெக்கார்டு இருந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா ரெக்கார்டுகள பட்டியல் போடற டிஸ்காக்ஸ், 45கேட் தளம் ரெண்டுலயும் ஆளுங்க லேபிள போட்டோ எடுத்து போட்டிருப்பாங்க. ரெண்டு பக்கமும் வேணும். பி-சைடு (பின்பக்கம்; முன்பக்கம் ஏ-சைடு) படம் இல்லாத பதிவ நம்பி உக்காராதீங்க.

லேபிள்ல இருக்கற ஒவ்வொரு சின்ன எழுத்தும் ஒரு துப்புதான். கம்பெனி பேரு, கேட்டலாக் நம்பர், பாட்டுப் பேருக்குக் கீழ பிராக்கெட்ல இருக்கற பாட்டு எழுதினவங்க பேரு, பப்ளிஷர் பேரு, புரொடியூசர், சில நேரம் இசைக்குழுவ நடத்தினவர் பேரு, பாட்டோட நீளம். இதுல நான் எப்பவும் மொதல்ல பாக்கறது அந்த பிராக்கெட்டத்தான். வஷ்டி பன்யன எடுத்துக்கோங்க. 1965ல டெக்கா கம்பெனி அவங்களோட முதல் சிங்கிள வெளியிட்டுச்சு. லேபிள்ல முழுப் பேரு கிடையாது, வெறும் வஷ்டி. ஏ-சைடுல பாட்டு எழுதினவங்க ஜாகர், ரிச்சர்ட்ஸ், அதாவது ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு ஆளுங்க. ஏன்னா ஸ்டோன்ஸோட மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹம்தான் இவங்களையும் கொண்டு வந்தாரு. திருப்பிப் போட்டா பி-சைடு, அதுல எழுதினவங்க பேரு பன்யன். அவங்க சொந்தப் பாட்டு. தானே பாட்டு எழுதற ஒரு பொண்ண கூட்டிட்டு வந்து, அவளோட பாட்ட பின்னாடி தள்ளிட்டு, முன்னாடி ஒரு பெரிய பேர ஒட்டி வித்திருக்காங்க. இந்தப் பாடகிக்கும் அந்த இண்டஸ்ட்ரிக்கும் நடுவுல இருந்த இழுபறிய புரிஞ்சுக்க ஒரு பேட்டி கூட படிக்க வேண்டாம், அந்த ரெண்டு பிராக்கெட்டே போதும்.

அடுத்தது ரன்-அவுட் வளையம். பாட்டு முடியற இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடைல வழுவழுன்னு ஒரு வளையம் இருக்கும், அதுல கையால கீறின இல்லன்னா அச்சு குத்தின எண்கள் இருக்கும், மேட்ரிக்ஸ் நம்பர்னு சொல்லுவாங்க. நேரா வெளிச்சம் அடிச்சா தெரியாது, டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு பிடிச்சு ரெக்கார்ட மெதுவா திருப்பணும். ஏ-சைடு நம்பரும் பி-சைடு நம்பரும் அடுத்தடுத்து இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல தயாராகியிருக்க வாய்ப்பு அதிகம். பி-சைடு நம்பர் ரொம்ப முன்னாடி இருந்தா, ஏற்கனவே எடுத்து வச்சிருந்த ஏதோ ஒரு டேப்ப தூசி தட்டி இதுல போட்டிருக்கலாம். அப்ப அந்தப் பாடகிக்கு வெளிவராத ரெக்கார்டிங் இன்னும் இருக்கலாம்னு ஒரு சந்தேகம் வரும்ல, அந்த சந்தேகம்தான் நமக்கு வேணும். லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்த மோனார்க் ஃபேக்டரில அழுத்தின ரெக்கார்டுல ஒரு சின்ன முக்கோணமும் அதுக்குப் பக்கத்துல ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் வேலை வந்த வரிசைப்படி ஏறிக்கிட்டே போகும், அதனால தேதி தெரிஞ்ச வேற ரெக்கார்டோட முக்கோண எண்ணோட ஒப்பிட்டா நம்ம ரெக்கார்டு எந்த வாக்குல அழுத்தினதுன்னு ஓரளவு நெருங்கிடலாம்.

தேதி விஷயத்துல ஸ்ட்ரீமிங் ஆப்ப நம்பாதீங்க

குறுகிய கேரியர்ல தேதிதான் எல்லாமே. முப்பது வருஷம் பாடினவங்களுக்கு ஆறு மாசம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் குடி முழுகிடாது, ஆனா மொத்தக் கேரியரே ரெண்டு வருஷம்னா ஆறு மாசம்ங்கறது அதுல கால்வாசி. ஸ்ட்ரீமிங்ல ஒரு 1966 பாட்டுக்கு 2007ன்னு போட்டிருப்பாங்க, அது மறுவெளியீட்டு வருஷம். சில பேர் கில்லாடித்தனமா ஐஎஸ்ஆர்சி கோட (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் குடுக்கற அடையாளக் குறியீடு) எடுத்து வருஷம் பாப்பாங்க. அதுவும் தப்பு. அந்தக் கோட்ல நடுவுல வர்ற ரெண்டு இலக்கம் கோட் ஒதுக்கின வருஷத்தத்தான் சொல்லும், பாடின வருஷத்த இல்ல. அந்த முறையே 1986லதான் ஸ்டாண்டர்டா வந்துச்சு, அதனால பழைய பாட்டுக்கு எல்லாம் பின்னாடி போட்டதுதான். வட்டத்துக்குள்ள பி எழுத்து (ஒலிப்பதிவு உரிமைக் குறி) போட்ட வருஷமும் அமெரிக்க ரெக்கார்டுல உங்களுக்கு உதவாது, ஏன்னா அமெரிக்க கூட்டாட்சிச் சட்டத்துல ஒலிப்பதிவுக்கு காப்பிரைட் வந்ததே 1972 பிப்ரவரி 15லதான். 60கள் ரெக்கார்டுல அது இருந்தா அது பின்னால அச்சடிச்ச காப்பியா இருக்கலாம்னு எச்சரிக்கையா இருங்க.

அப்ப எத நம்பறது? பிரிட்டிஷ் ரெக்கார்டுன்னா டெமோ காப்பி தேடுங்க. ரேடியோக்காரங்களுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் முன்கூட்டி அனுப்பினது, லேபிள்ல பெருசா ஏ-ன்னு ஒரு எழுத்து இருக்கும், இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனி குரூப்போட டெமோ நிறையத்துல வெளியீட்டு தேதியே பிராக்கெட்ல அச்சாகியிருக்கும். நாள், மாசம், வருஷம் மூணும் இருக்கும். இத விட நல்ல ஆதாரம் கிடைக்கறது கஷ்டம்.

டெமோ கிடைக்கலன்னா வியாபாரப் பத்திரிகைகள். வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரின்னு ஒரு தளம் இருக்கு, பில்போர்டு, கேஷ் பாக்ஸ், ரெக்கார்டு வேர்ல்டு, இந்தப் பக்கம் பிரிட்டிஷ் பத்திரிகைகளும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்காங்க. அங்க போய் பாடகி பேர மட்டும் போட்டு தேடிட்டு "ஒண்ணும் வரல"ன்னு திரும்பி வந்துடாதீங்க. ஸ்கேன்ல பொடி எழுத்து சரியா படிக்கப்பட்டிருக்காது, பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தேடல்ல சிக்காது. கேட்டலாக் நம்பர போட்டு தேடுங்க, பாட்டுப் பேர்ல இருக்கற வித்தியாசமான ஒரு வார்த்தைய மட்டும் போட்டு தேடுங்க, அதுவும் இல்லன்னா டெமோ வந்திருக்கக்கூடிய வாரத்துக்கு முன்ன ரெண்டு பின்ன ரெண்டு இதழ எடுத்து சிங்கிள் விமர்சனப் பக்கத்த கண்ணால படிங்க. நேரம் ஆகும்தான், ஆனா இங்கதான் பொக்கிஷமே இருக்கு. ரெண்டு வரி விமர்சனம், பக்கத்துல ஒரு கால் பக்க விளம்பரம், இந்த வாரம் இந்த ஊர்ல எந்த டிவி நிகழ்ச்சில பாடப்போறாங்கன்னு ஒரு துணுக்கு. அந்த விளம்பரத்தோட சைஸ கவனிங்க. முதல் சிங்கிளுக்கு முழுப் பக்கம் குடுத்த கம்பெனி அடுத்த சிங்கிளுக்கு விளம்பரமே குடுக்கலன்னா, கம்பெனிக்கு இவங்க மேல நம்பிக்கை எப்ப போச்சுன்னு உங்களுக்கு வாரக் கணக்குல தெரிஞ்சு போச்சு.

சார்ட், அதாவது வாராவாரம் போடற ஹிட் பாட்டு வரிசை, அந்த விஷயமும் இதோட சேத்து பாக்கணும். "சார்ட்ல வரவே இல்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிக்கறது சோம்பேறித்தனம். பில்போர்டு ஹாட் 100 1958 ஆகஸ்ட் 4ல ஆரம்பிச்சது, அதுக்குக் கீழ நூத்துக்கு வெளிய இருக்கற பாட்டுக்குன்னு 1959ல இருந்து பப்ளிங் அண்டர்னு தனிப் பட்டியல் இருக்கு, நம்ம பாடகிகள் நிறைய பேர் அங்கதான் இருப்பாங்க. கேஷ் பாக்ஸ் கணக்கு வேற, பில்போர்டு கணக்கு வேற. இங்கிலாந்துல 1969 பிப்ரவரிக்கு முன்னாடி எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே சார்ட்டுன்னு எதுவும் கிடையாது, என்எம்இக்கு ஒண்ணு, மெலடி மேக்கருக்கு ஒண்ணு, ரெக்கார்டு ரீடெய்லருக்கு ஒண்ணு. எந்தப் பத்திரிகைல எந்த இடம்னு சேத்து எழுதினாத்தான் அந்த எண்ணுக்கே அர்த்தம்.

அமெரிக்கப் பாடகின்னா இன்னொரு இடமும் இருக்கு. ஒவ்வொரு ஊர் டாப் 40 ரேடியோவும் (ஹிட் பாட்டு போடற ரேடியோ) வாராவாரம் ஒரு தாள் அச்சடிச்சு ரெக்கார்டு கடைல குடுப்பாங்க, சர்வேன்னு பேரு. ஏஆர்எஸ்ஏங்கற தளத்துல அத ஆயிரக்கணக்குல சேத்து வச்சிருக்காங்க. நாடு முழுக்கப் பாத்தா காணாமப் போன பாட்டு, ஏதோ ஒரு ஊர்ல அஞ்சு வாரம் முதல் பத்துல உக்காந்திருக்கும். அப்படி ஒண்ணு மாட்டினா கதையே மாறிடும். மக்களுக்குப் பிடிக்காம தோத்த பாட்டு இல்ல அது, அடுத்த ஊருக்கு சரக்கு போய் சேராம நின்ன பாட்டு.

லேபிள்ல இருக்கற பேரும் பாடின ஆளும்

இந்தத் தேடல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், நிறைய பேர் கோட்டை விடறதும் இங்கதான். ராபின் வார்டுன்னு ஒரு பாடகி, 1963ல டாட் ரெக்கார்ட்ஸ்ல ஒரு பாட்டு, ஹாட் 100ல 14வது இடம் வரைக்கும் போச்சு, டீன் ஏஜ் பொண்ணு ஒருத்தி கோடை விடுமுறைக் காதல நெனச்சு பாடற மாதிரி பாட்டு. அதுக்கப்புறம் வந்தது எதுவும் அந்த அளவுக்குப் போகல. ஒரே ஒரு ஹிட் குடுத்துட்டு மறைஞ்ச டீன் ஏஜ் பாடகின்னு சுலபமா எழுதிடலாம். ஆனா உண்மைல அவங்க பேரு ஜாக்கி வார்டு, அப்பவே கல்யாணம் ஆகி குழந்தை இருந்த ஒரு செஷன் பாடகி (மத்தவங்க ரெக்கார்டுக்கு ஸ்டூடியோல கூலிக்குப் பாடறவங்க). ராபின்ங்கறது அவங்க பொண்ணு பேரு. குரல் இளசா கேக்கணும்னு டேப்ப வேகப்படுத்தி ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. அவங்க எங்கயும் மறையல, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஸ்டூடியோல பாடிக்கிட்டேதான் இருந்தாங்க, பார்ட்ரிட்ஜ் ஃபேமிலிங்கற டிவி தொடரோட ரெக்கார்டுகள்ல பின்னணிக் குரல்ல ஒண்ணு அவங்களுது, நடிகை நடாலி வுட்டுக்கு திரைல பாட்டுக்குரல் குடுத்ததும் அவங்கதான். நின்னு போனது ராபின் வார்டுங்கற பேரோட கேரியர். ஜாக்கி வார்டோட கேரியர் இல்ல.

அதனால பேர ஆராயறதுக்கு தனியா நேரம் ஒதுக்குங்க. இதுக்கு அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் வெளியிட்ட கேட்டலாக் தொகுதிகள் அருமையான சாதனம். 1977 வரைக்கும் அச்சுல வந்தது, இண்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் இருக்கு, 1978க்கு அப்புறம் உள்ளது அவங்க ஆன்லைன் பதிவுல. பாட்டு எழுதினவங்க பேர்ல பதிவாகியிருக்கும், புனைபேருன்னா நிறைய இடத்துல அதயும் குறிச்சிருப்பாங்க, பின்னாடி நிஜப் பேரும் வரும். பாடகி தானே பாட்டு எழுதறவங்களா இருந்தா அவங்க கல்யாணத்துக்கு முன்னப் பேரு, பின்னப் பேரு ரெண்டும் இங்க மாட்ட வாய்ப்பு உண்டு. பாட்டு எழுதறவங்களுக்கு ராயல்டி வசூலிச்சுக் குடுக்கற ஏஎஸ்சிஏபி, பிஎம்ஐ ரெண்டு சங்கத்தோட பாட்டுப் பட்டியலும் பொதுமக்கள் தேடற மாதிரிதான் இருக்கு. பாடகி பாடறத நிறுத்தின பிறகும் அவங்க பேர்ல புதுப் பாட்டு பதிவாகிக்கிட்டே இருந்தா, அவங்க மைக் முன்னாடி நிக்கறதத்தான் விட்டிருக்காங்க, இசைய விடல.

மார்கோ குர்யன் கதை கிட்டத்தட்ட இதுதான். 1937ல நியூயார்க்ல பிறந்தவங்க, ஜாஸ் படிச்சவங்க, 1959ல லெனாக்ஸ் ஜாஸ் பள்ளில ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் இருந்த அதே செட்டுல இருந்தவங்க. பாப் பக்கம் வந்தது பீச் பாய்ஸ் குழுவோட ஒரு பாட்ட கேட்டு அசந்து போய். அவங்க எழுதின பாட்ட ஸ்பாங்கி அண்ட் அவர் கேங் குழு பாடி ஹிட் ஆக்கிச்சு. சொந்தமா பாடி வெளியிட்ட ஆல்பம் அப்ப ஒண்ணே ஒண்ணுதான், 1968ல பெல் ரெக்கார்ட்ஸ்ல வந்தது. பாடகியா பாத்தா ஒரு வருஷ கேரியர், பாட்டு எழுதறவங்களா பாத்தா 1950கள்லயே தொடங்கின நீளமான ஒண்ணு. ரெண்டையும் ஒரே காலவரிசைல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, "மறைஞ்சுட்டாங்க"ங்கற வார்த்தை தானா கழண்டு விழுந்துடும்.

ஏன் நின்னுச்சு

இதுக்கு பதில் எழுதும்போதுதான் கை நடுங்கணும். திறமை பத்தல, காலம் மாறிடுச்சு, காதல் தோல்வி, இப்படி சுலபமா வாய்ல வர்ற எதையும் ஆதாரம் இல்லாம எழுதக்கூடாது. நான் செய்யறது என்னன்னா மூணு காலவரிசை பக்கத்துல பக்கத்துல போடுவேன். முதல்ல பாடகியோட ரெக்கார்டு, ரெண்டாவது அந்த லேபிளுக்கு, அதாவது ரெக்கார்டு வெளியிட்ட கம்பெனிக்கு, அந்த மாசங்கள்ல என்ன ஆச்சு, மூணாவது அதே பாட்ட வேற யாரு எப்ப பாடினாங்க. ரெண்டாவது வரிசைய யாருமே போடறதில்ல. ஆனா பாதி கதை அங்கதான் கிடக்கு.

ஈவி சாண்ட்ஸ வச்சு இத செஞ்சு பாருங்க, வயிறு எரியும். 1965ல புளூ கேட் லேபிளுக்காக ஒரு பாட்டு பாடறாங்க. வெளியீட்டுக்கு முன்னாடியே அதோட சோதனைப் பிரதி வெளிய போய் சிகாகோல செஸ் ரெக்கார்ட்ஸ் கைக்கு வந்து சேருது, அவங்க அதே பாட்ட ஜாக்கி ராஸ் குரல்ல அவசர அவசரமா எடுத்து கடைக்கு அனுப்பிடறாங்க. ரெண்டு ரெக்கார்டும் ரேடியோல மோதுது, வழக்கு வருது, அதுக்குள்ள பாட்டோட உயிர் போச்சு. அடுத்து ஒரு பாட்டு, அது அமெரிக்கால எடுபடல, அதே பாட்ட 1966ல ஹாலிஸ் குழு பாடி இங்கிலாந்துல ரெண்டாவது இடத்துக்கு கொண்டு போறாங்க. 1967ல கேமியோ லேபிளுக்கு சிப் டெய்லர் எழுதின இன்னொரு பாட்டு, மொதல்ல ரெக்கார்டு பண்ணினது ஈவிதான், ரேடியோல சூடு பிடிக்கற நேரத்துல கம்பெனியே பணமில்லாம உக்காந்துடுச்சு, ரெக்கார்டு அழுத்தி அனுப்ப ஆளில்ல. அடுத்த வருஷம் மெரிலி ரஷ் அதே பாட்ட பாடி ஹாட் 100ல ஏழாவது இடம். இந்த மூணு சம்பவத்துல எதுலயாவது ஈவியோட குரல்ல குறை இருந்துச்சா? இல்லவே இல்ல. லேபிளோட காலவரிசைய போடாம பாடகியோட ரெக்கார்ட மட்டும் பாத்திருந்தா "மூணு தடவையும் ஓடல"ன்னு எழுதியிருப்போம், அது அநியாயம். நல்லவேளை அவங்க அத்தோட விட்டுடல, 1969ல ஏ அண்ட் எம் லேபிள்ல ஒரு சிங்கிள் ஓரளவு ஓடுச்சு, பின்னாடி பாட்டு எழுதவும் போனாங்க.

மார்கோ குர்யன் விஷயத்துல காரணம் நேர் எதிர். அவங்க ஆல்பம் வந்ததும் டூர் போகச் சொன்னாங்க, அவங்க முடியாதுன்னுட்டாங்க, மேடையும் பிடிக்கல, மேனேஜருக்கும் ஏஜெண்ட்டுக்கும் கட்டுப்பட்டு வாழறதும் பிடிக்கல. லேபிள் விளம்பரத்த நிறுத்திடுச்சு. அவங்க அதுக்கப்புறம் பியானோ சொல்லிக் குடுத்துக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. இத தோல்வின்னு எழுத எனக்கு கை வராது, ஒரு பெரிய மனுஷி யோசிச்சு எடுத்த முடிவு அது. 1990கள்ல ஜப்பான்ல ரசிகர்கள் அந்த ஆல்பத்த தேடிப் பிடிச்சாங்க, 2000ல அமெரிக்காலயும் மறுவெளியீடு வந்துச்சு, அடுத்த வருஷம் பழைய டெமோக்கள (ரேடியோவுக்கு அனுப்பற காப்பி இல்ல, மாதிரிக்குப் பாடி வைக்கற ஒலிப்பதிவு) சேத்து ஒரு தொகுப்பும் வந்துச்சு. 2021 நவம்பர்ல அவங்க காலமாயிட்டாங்க.

வஷ்டி பன்யனுக்கு வேற மாதிரி. டெக்கா சிங்கிளுக்கு அப்புறம் 1966ல கொலம்பியா லேபிள்ல ஒண்ணு, ஓல்ட்ஹமோட இம்மீடியட் லேபிளுக்கு பாடினதெல்லாம் அப்ப வெளிய வரவே இல்ல. நகரத்த விட்டு குதிரை வண்டில ஸ்காட்லாந்து பக்கம் ஸ்கை தீவ நோக்கி கிளம்பிட்டாங்க, அந்த வழில எழுதின பாட்டுகள்தான் ஜோ பாய்டு தயாரிச்ச ஆல்பமா 1970 டிசம்பர்ல பிலிப்ஸ் லேபிள்ல வந்தது. 1969 கடைசில ரெக்கார்டு பண்ணின ஆல்பம் 1970 கடைசில வருது பாருங்க, நடுவுல ஒரு வருஷம். வெளியானப்ப யாரும் பெருசா கண்டுக்கல, அவங்க இசையே வேண்டாம்னு குழந்தைங்கள வளக்கப் போயிட்டாங்க, முப்பது வருஷம். 1990கள் கடைசில கம்ப்யூட்டர் வாங்கி தன் பேர தேடிப் பாத்தப்பதான், அந்த ஆல்பத்த ஜனங்க தேடிக்கிட்டு இருக்காங்கங்கறதே அவங்களுக்குத் தெரிஞ்சது. 2000ல மறுவெளியீடு, 2005ல ரெண்டாவது ஆல்பம். 2007ல அந்த 60கள் சிங்கிளும் டெமோவும் தனித் தொகுப்பா வந்துச்சு. அதாவது ஒரு பாடகிய பத்தி தேடற வேலை, அந்தப் பாடகி திரும்ப பாட வர்றதுக்கே காரணமா ஆச்சு. நான் இந்த வேலைய இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆளுங்கள தேடிப் போகும்போது

காகிதம் முடிஞ்ச பிறகுதான் ஆளுங்க. முன்னாடியே போனா என்ன கேக்கணும்னே தெரியாது. பாடகிக்கு முன்னாடி சுத்தி இருந்தவங்கள பாருங்க, புரொடியூசர், இசைக்கோர்ப்பாளர், ஸ்டூடியோ இஞ்சினியர், வாத்தியம் வாசிச்சவங்க. அமெரிக்கால இசைக்கலைஞர் யூனியனான ஏஎஃப்எம்மோட செஷன் ஒப்பந்தத் தாள்கள் இருக்கு, எந்த நாள், எந்த ஸ்டூடியோ, யாரு வாசிச்சாங்க, எவ்வளவு கூலின்னு வரிசையா இருக்கும். ஒரு தாள் கிடைச்சாலே பத்து பேரோட பேரு கிடைக்கும்.

பாடகி உயிரோட இருந்து பொது வாழ்க்கைல இல்லன்னா ரொம்ப நிதானமா இருங்க. ஓட்டர் லிஸ்ட்டு, ஃபேஸ்புக் எல்லாம் துருவி வீட்டு அட்ரஸ் கண்டுபிடிச்சு கதவ தட்டறதெல்லாம் ஆராய்ச்சியே இல்ல, தொந்தரவு. மறுவெளியீடு பண்ணின லேபிளோ பப்ளிஷரோ இருந்தா அவங்க மூலமா ஒரு கடிதம் அனுப்புங்க. ஒரே பக்கம். நீங்க யாரு, அவங்க பாட்டுல எது பிடிச்சுது, என்ன எழுதப்போறீங்க, பதில் வேண்டாம்னா வேண்டாம். பதில் வரலன்னா அதுதான் பதில். அவங்களோட இப்போதைய பேரு, ஊரு, குடும்பம் எதையும் நீங்களா கண்டுபிடிச்சாலும் எழுத வேண்டாம், கதைக்கு அது தேவையே இல்ல.

பேச ஒத்துக்கிட்டா "ஏன் விட்டீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்தக் கேள்விக்கு அவங்க கிட்ட ஏற்கனவே பல வருஷமா சொல்லிப் பழகின ஒரு பதில் இருக்கும், அதுதான் வரும். லேபிள் படத்த காட்டுங்க, விளம்பரத்த காட்டுங்க, விமர்சனத்த படிச்சுக் காட்டுங்க. அன்னிக்கு ஸ்டூடியோல யாரு இருந்தாங்க, எத்தனை டேக் போச்சு (எத்தனை தடவை பாடிப் பதிவு பண்ணினாங்க), இந்தப் பாட்ட யாரு தேர்ந்தெடுத்தாங்க, பி-சைடுக்கு உங்க பாட்ட போடணும்னு யாரு சொன்னாங்க, காசு எப்ப எவ்வளவு வந்துச்சு. குறிப்பிட்ட பொருள கண்ணுக்கு முன்னாடி வச்சா ஞாபகம் குறிப்பா வரும். அவங்க சொல்ற தேதியும் காகிதத் தேதியும் ஒத்துப்போகலன்னா அவங்கள திருத்தாதீங்க, ரெண்டையும் எழுதுங்க, எது எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லிடுங்க. பாட்டு யாரு தேர்ந்தெடுத்தாங்கங்கற மாதிரி விஷயத்துல அவங்க வார்த்தைதான் பெருசு, வெளியீட்டு நாள்ங்கற மாதிரி விஷயத்துல காகிதம் பெருசு.

எழுதறதும் போடறதும்

எழுதும்போது ரெக்கார்டு ஒவ்வொண்ணுக்கும் இடம் குடுங்க. மொத்தமே ஆறு பாட்டுன்னா ஆறையும் உக்காந்து கேட்டு ஆறப் பத்தியும் எழுதுங்க. குரல் எந்த இடத்துல ஏறுது, மூச்சு எங்க எடுக்கறாங்க, முதல் சிங்கிளுக்கும் மூணாவதுக்கும் நடுவுல பாடற விதம் என்ன மாறியிருக்கு. இந்தப் பாடகிகள பத்தின கட்டுரைல நிறைய, கூட இருந்த ஆம்பளைங்கள பத்தித்தான் இருக்கும், எந்த மேனேஜர், எந்த புரொடியூசர், யாரோட சுத்தினாங்கன்னு. பாட்ட பத்தி ரெண்டு வரி இருக்காது. அத திருப்பிப் போடுங்க. "அழகு தேவதை", "தொலைஞ்ச குயில்" மாதிரி அடைமொழி எல்லாம் வேண்டாம், பாடகின்னு சொன்னாலே போதும்.

பாட்ட யூடியூப்ல ஏத்தலாமான்னு கேப்பீங்க. யாரும் சீண்டாத பாட்டுன்னாலும் உரிமை யாராவது கைல இருக்கும். ஐரோப்பிய யூனியன்லயும் பிரிட்டன்லயும் வெளியான ஒலிப்பதிவுக்கு 70 வருஷப் பாதுகாப்பு (முன்ன இத விடக் குறைவு, பின்னாடி நீட்டினாங்க), 1962 கடைசிக்குள்ள வெளியான ரெக்கார்டுகள் அந்த நீட்டிப்பு வர்றதுக்கு முன்னாடியே உரிமைக் காலம் முடிஞ்சு வெளிய வந்தாச்சு. அமெரிக்கால 1957ல இருந்து 1972 பிப்ரவரி 14 வரைக்கும் உள்ளது எல்லாம் 2067 பிப்ரவரி வரை பாதுகாப்புல இருக்கு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. லேபிள் படம், தேதி, பேரு, நம்பர் இதயெல்லாம் போட்டுட்டு, பாட்டு கேக்க சட்டப்படி இருக்கற மறுவெளியீட்டுக்கு லிங்க் குடுங்க. உயிரோட இருக்கற பாடகிக்கு அதுல ஏதோ கொஞ்சமாவது போய் சேரும்.

கண்டுபிடிச்சத உங்க பதிவுல மட்டும் வச்சுக்காதீங்க. தேதி, பாட்டு எழுதினவங்க பேரு, மேட்ரிக்ஸ் நம்பர் எல்லாத்தையும் டிஸ்காக்ஸ்லயும் மியூசிக்பிரெய்ன்ஸ்ங்கற இசைத் தகவல் தளத்துலயும் ஆதாரத்தோட சேத்து பதிவு பண்ணுங்க. விக்கிபீடியால மாத்தணும்னா உங்க பதிவ ஆதாரமா காட்டாதீங்க, எடுத்துக்க மாட்டாங்க, பத்திரிகை இதழோட பேரு, தேதி, பக்க எண் குடுங்க. ஸ்கேன சேமிக்கும்போது கோப்புப் பேர்லயே பத்திரிகை, வருஷம், மாசம், நாள், பக்கம்னு எழுதி வைங்க, விமர்சனத்த மட்டும் வெட்டி எடுக்காம முழுப் பக்கத்தையும் வைங்க. ஒரு வருஷம் கழிச்சு வேற ஒரு பாடகிய தேடும்போது அதே பக்கத்தோட மூலைல அவங்க பேரும் இருக்கும்.